இரண்டு சென்டிமீட்டர் செங்கரட்டூர்

செங்கரட்டூர் ஜங்ஷனில் அப்போது எங்கள் எல்லோருக்கும் இரண்டு உடம்புகள் இருந்தன. ஒன்று சாப்பிட்டது, தூங்கியது, சைரன் ஊதினால் டீசல் ஷெட்டுக்கு வேலைக்கு ஓடியது, இன்னொன்று ரயில்வே இன்ஸ்டிட்யூட் என்ற ஊழியர் மனமகிழ் மன்றத்தின் பின்னறையில், பதினாறடி நீளமும் ஐந்தடி அகலமுமான ஒரு பிளைவுட் பலகையின் மேல், இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. நிஜத்தில் எண்பத்தேழு அடி இருப்பது அந்தப் பலகையில் ஓரடி. ஸ்டேஷன், ஷெட், கேண்டீன், காலனியின் மூன்று தெருக்கள், பழைய பேப்பரும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் குழைத்துச் செய்த கரட்டுக் குன்று, கரட்டுக்குள் புகுந்து வெளியே வரும் சுரங்கப்பாதை, இத்தனைக்கும் நடுவே நிஜ ரயில் போகும் நேரத்துக்கே போய், நிஜ ரயில் தாமதமானால் தானும் தாமதமாகும் ஒரு குட்டி ரயில், எல்லாம் அங்கே இருந்தன.

அதைச் செய்தவர்கள் இரண்டு பேர். சற்குணம் அக்கா ஷெட்டின் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்த்தார். புருஷன் சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனதால் கிடைத்த வேலை. மோட்டாருக்குச் சுருள் சுற்றும்போது மிஞ்சுகிற செப்புக் கம்பித் துண்டுகளை முறுக்கி, மேலே புட்டி மாவு பூசி, ஒற்றை முடி பிரஷ்ஷால் வண்ணம் தீட்டி, ஷெட்டில் வேலை பார்த்த நூற்றுப் பன்னிரண்டு பேரையும், அவர்கள் வீட்டு ஆட்களையும் அவர்தான் செய்தார். கேண்டீன்காரர் தொப்பையைக் கொஞ்சம் குறைத்துக் காட்டச் சொல்லி நாலு நாள் கெஞ்சினார். "அளவுன்னா அளவுதான்" என்று அக்கா சொல்லிவிட்டார். இன்னொருவர் தங்கமாரி, ஃபிட்டர், எங்கள் சங்கத்தின் செயலாளர், மர வேலையில் கைதேர்ந்தவர். ஒன்பது வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், இரண்டு பேரும் அந்த அறையில் இருந்தார்கள். பலகைக்கு மேலே கட்டடமும் மரமும் தங்கமாரி பாடு, பலகைக்குக் கீழே வயரெல்லாம் அக்கா பாடு. கீழே வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த ஒரே சட்டம். அக்கா மல்லாந்து படுத்து ஊர்ந்து போய் பற்றவைப்பார், தங்கமாரி பக்கத்தில் குந்தியிருந்து டார்ச் பிடிப்பார்.

ஆயுதபூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஷெட்டை மூடப்போகிறோம், யாருக்கு எந்த ஊர் வேண்டுமென்று நவம்பர் முப்பதுக்குள் விருப்பப் படிவம் எழுதிக் கொடுங்கள், பெண்களுக்கு முதலில், பிறகு முந்திக் கொடுத்தவர்களுக்கு என்ற வரிசையில் இடம் தருவோம், கொடுக்காதவர்களை எங்கே வேண்டுமானாலும் போடுவோம் என்று அதில் இருந்தது. கூடவே ஊர்வாரியாகக் காலியிடங்களும் இருந்தன. ஈரோட்டில் ஒன்றே ஒன்று. தங்கமாரி கேண்டீன் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். "ஒரு ஆளும் எழுதிக் குடுக்கலேன்னு வைங்க, நூத்திப்பன்னண்டு பேரையும் ஒரே நாள்ல தூக்கிப்போட அவங்களால முடியாது. ஒருத்தன் குடுத்தாக்கூட சரிஞ்சிரும். அந்த ஒருத்தன் நம்மள்ல யாருமில்லேன்னு இப்பவே முடிவு பண்ணிருவோம்" என்றார். எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது, இன்றைக்கு நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஆயுதபூஜையன்று மட்டும்தான் ஷெட்டுக்குள் குடும்பத்தோடு போக விடுவார்கள். எஞ்சினுக்கு எஞ்சின் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து எல்லோரும் நேராக இன்ஸ்டிட்யூட்டின் பின்னறைக்குப் போய்ப் பலகையைப் பார்ப்பது வழக்கம். குட்டி எஞ்சினுக்கும் தீக்குச்சி முனையால் சந்தனப் பொட்டு வைப்பார்கள். அந்த வருஷம் தங்கமாரி புதிதாக ஒன்று சேர்த்தார்: ஒவ்வொருவரும் வரிசையாக வந்து, ஆள்காட்டி விரலைத் தன் உருவத்தின் தலைமேல் வைத்து, "எழுதிக் கொடுக்கமாட்டேன், இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன்" என்று சத்தியம் செய்தோம். தங்கமாரிதான் முதலில் செய்தார், கடைசியாகச் சற்குணம் அக்கா.

மூன்றாம் நாள் காலை அக்கா அறையைத் திறந்தபோது, வெல்டர் சிலுவைமுத்துவின் உருவம் ஷெட்டில் இல்லை. ஒன்றாம் பிளாட்பாரத்தில், கையில் ஒரு பெட்டியோடு, ரயில் வரும் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தது. அந்தப் பெட்டியை அக்கா செய்யவில்லை. ஆனாலும் நன்றாகச் செய்திருக்கிறது என்று சொன்னார், மூலைத் தகடுகூட இருந்தது. விஷயம் ஷெட்டுக்குப் போக, சிலுவைமுத்துவே வந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "நேத்து ராத்திரி படிவத்தை ரொப்பி அரிசி டப்பாவுக்கு அடியில வச்சேன், நெசந்தான்" என்று ஒப்புக்கொண்டு, வீட்டுக்குப் போய் எடுத்துவந்து எல்லோர் முன்பும் கிழித்துப் போட்டார். மறுநாள் காலை அவர் உருவம் ஷெட்டில் பழையபடி குனிந்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தது, பெட்டியைக் காணோம்.

இது ஏன் நடக்கிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஷெட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவனுக்கு, ஓடுகிற எஞ்சின் ஏன் ஓடுகிறது என்று கேட்கும் பழக்கம் இருக்காது. மனசு எங்கே போகிறதோ உருவம் அங்கே போகும் என்று புரிந்துகொண்டோம், அதற்குத் தகுந்தபடி நடக்கத் தொடங்கினோம். காலை எட்டு மணி சைரனுக்கு முன்னால் பலகையைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவது வழக்கமானது. பிளாட்பாரத்தில் யாராவது நின்றால், அன்றைக்கு அவர் வீட்டுக்கு நாலு பேர் போய் உட்கார்ந்து பேசினோம். உருவத்தைப் பசை போட்டு ஒட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அது காலில் பசைக் கட்டியோடு நடந்துபோய் நின்றதில் அவர்களுக்கு இரட்டை அவமானம். பொங்கலுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போய்வரலாமா என்று சும்மா நினைத்த ஒருவர் பிளாட்பாரத்தில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு, ஊருக்குப் போக நினைப்பவர்கள், எத்தனை நாள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி முன்கூட்டியே பலகையோரம் ஒட்டிவைத்தார்கள். இரண்டாம் தெருப் பெண் ஒருத்தியும் மூன்றாம் தெருப் பையன் ஒருவனும் ஒரே பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றதைப் பார்த்து, இரண்டு வீட்டாரும் இரண்டு நாள் சண்டை போட்டு, மூன்றாம் நாள் கல்யாணம் பேசி முடித்தார்கள். சாயங்காலமானால் மூன்றாம் தெருவில் வேறொரு வீட்டு வாசலில் போய் நின்ற உருவத்தைப் பற்றி நான் இங்கே சொல்லப்போவதில்லை, அந்த மனிதர் இப்போது திருந்திவிட்டார்.

ஒரு உருவம் மட்டும் நகரவே இல்லை. ஷெட் வாசலில், சங்கக் கொடியைப் பிடித்தபடி, தங்கமாரி வைத்தது வைத்தபடி நின்றார். எங்களில் எல்லோரும் ஒரு தடவையாவது பிளாட்பாரம் பார்த்திருந்தோம், ஷெட் பொறுப்பதிகாரியின் டிரைவர்கூட. தங்கமாரி நகரவில்லை. பெண்கள் தங்கள் புருஷன்மாருக்கு அந்த உருவத்தைக் காட்டி, "ஆம்பளைன்னா அது" என்றார்கள். சிலர் போகிறபோக்கில் அதன் காலடியில் ஒரு பூவிதழ் கிள்ளிப் போட்டார்கள்.

அந்த நாட்களில் அக்காவுக்கு வேறொரு தலைவலி. பலகையில் ஷெட் வாசல் விளக்கும் ஒன்றாம் பிளாட்பார விளக்குகளும் எரியாமல் போய்விட்டன. ஒவ்வொரு ஞாயிறும் கீழே ஊர்ந்துபோய், தான் வைத்த இணைப்பு ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். தங்கமாரி டார்ச் பிடித்தார். "கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு போல தங்கமாரி, எனக்கு வயசாயிருச்சு" என்றார் அக்கா. "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, அடுத்த வாரம் பாத்துக்குவோம்" என்றார் அவர்.

ஆயுதபூஜை கழிந்து பத்தொன்பதாம் நாள் ஈரோட்டிலிருந்து அக்காவின் மகள் சுகந்தி போன் செய்தாள். தலைப்பிரசவம், ஜனவரி முதல் வாரம் என்று நாள் குறித்திருந்தார்கள், அதுவரை எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், மாமியார் இல்லாத வீடு, மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். "பத்து நாள் லீவுல வந்து என்னம்மா பண்ணுவே. இங்க ஒரு எடம் இருக்குன்னு சொன்னியே, எழுதிக் குடுத்துட்டு வந்துரும்மா. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மறுநாள் காலை அறையைத் திறந்ததும் அக்கா தன்னையே ஒன்றாம் பிளாட்பாரத்தில் பார்த்தார். கையில் பெட்டி இல்லை, மடித்த தொட்டில் சேலை இருந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர் அவர்தான், நினைத்திருந்தால் எடுத்து ஷெட்டுக்குள் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நாங்கள் வரும்வரை பக்கத்தில் நின்றார்.

"என் பொண்ணுக்காகப் போலாம்னு இருக்கேன்" என்று சொல்லி, ரொப்பின படிவத்தை முந்தானையிலிருந்து எடுத்தார். எங்களில் பாதிப் பேர் போகட்டுமே என்றுதான் நினைத்தோம். தங்கமாரி முன்னால் வந்தார். "போங்கக்கா. யாரும் உங்களைத் தடுக்கமாட்டாங்க. நீங்க குடுத்தா நாளைக்குச் சிலுவைமுத்து குடுப்பான், நாளன்னைக்கு ஷெட்டே குடுக்கும். ஒன்பது வருஷம் கூடப் பொறந்தவங்க மாதிரி உக்காந்து இந்த ஊரைச் செஞ்சோம். அதை யாரு மொதல்ல கலைக்கிறதுன்னுதான் கேக்குறேன்" என்றார். கண் நிறைந்தது. பிறகு மெதுவாகக் கையை நீட்டி, அக்காவின் விரல்களுக்குள்ளிருந்து அந்தப் படிவத்தை வாங்கி, நாலாகக் கிழித்தார். அக்கா அன்று மகளுக்குப் போன் செய்து, "என்னால வரமுடியாது கண்ணு" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவள் ஒரு மாதம் பேசவில்லை.

டிசம்பர் பத்தாம் தேதி உத்தரவு வந்து நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. ஷெட் மூடப்படுகிறது. விருப்பப் படிவம் கொடுத்தவர்கள் பட்டியல் தனித்தாளில் இருந்தது, அதில் ஒரே ஒரு பெயர். தங்கமாரி, ஃபிட்டர், ஈரோடு. படிவம் பெறப்பட்டது: ஆயுதபூஜைக்கு மறுநாள். மீதி நூற்றுப் பதினோரு பேரும் மேலிடம் நினைத்த ஊர்களுக்கு, சிலுவைமுத்து மங்களூருக்கு, அக்கா ஆந்திராவின் குந்தக்கல்லுக்கு. இவர்கள் ஜனவரி இரண்டாம் தேதி போய்ச் சேர வேண்டும், அதுவரை யாருக்கும் லீவு கிடையாது. இதுவரை தங்கமாரிக்கு அவர் இவர் என்று மரியாதை கொடுத்துச் சொல்லிவந்தேன், இனிமேல் என்னால் முடியாது.

நாங்கள் எல்லோரும் அவன் வீட்டுக்கு ஓடினோம். அக்கா மட்டும் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையாலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பலகைக்கு அடியில் ஊர்ந்துபோய், ஷெட் வாசலுக்கு நேர் கீழே பார்த்தார். அங்கே ஒரு ஸ்க்ரூ இருந்தது. பலகையைத் துளைத்து மேலே போய் அவன் உருவத்தின் காலைக் கவ்வியிருந்தது, போகிற வழியில் விளக்குகளுக்குப் போகும் மஞ்சள் வயரை நசுக்கி அறுத்திருந்தது. எப்போது நடந்திருக்கும் என்று கணக்குப் போட அவருக்கு நேரமாகவில்லை. அந்த மூன்றாம் நாள் காலை, அக்காவுக்கு முன்னாலேயே, தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் அறையைத் திறந்தவன் அவன். பிளாட்பாரத்தில் இரண்டு உருவம் நின்றிருக்கிறது. தன்னுடையதை எடுத்துப் பழைய இடத்தில் முடுக்கிவிட்டு, சிலுவைமுத்துவை மட்டும் நாங்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அக்காவுக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஞாயிறு ஞாயிறாகத் தன் கை நடுங்குகிறது என்று தான் புலம்பியபோதெல்லாம், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்திலெல்லாம் வெளிச்சம் காட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தானே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பலகைக்கு அடியிலேயே படுத்து அழுதார்.

அவனை ஷெட் வாசலில் வைத்துக் கேட்டார். நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

"நீங்க எப்படியும் போகமாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சுக்கா" என்றான் அவன். "எடம் வீணாத்தானே போவுது. பையன் அங்க பாலிடெக்னிக்ல படிக்கிறான், எம் பொண்டாட்டியும் அந்த ஊரு. அதான்."

"நீ குடுத்தது பூஜைக்கு மறுநாள். எம் பொண்ணு எனக்குப் போன் பண்ணது பத்தொன்பதாம் நாள்" என்றார் அக்கா. "பொம்பளைக்குத்தான் மொதல்லன்னு போட்டிருந்தான். நான் குடுத்திருந்தா உனக்குக் கெடைச்சிருக்காது. அதுக்குத்தான என் கையிலேர்ந்து வாங்கிக் கிழிச்சே?"

எங்களில் சிலர் கை ஓங்கினோம், அக்கா வேண்டாம் என்றார்.

பதினைந்தாம் தேதி அவன் வீட்டுச் சாமான் லாரியில் ஏறி ஈரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாள். அவன் மட்டும் சேரவில்லை. நாலு பத்து பாசஞ்சரில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் பயணம் செய்து ஈரோடு என்று இறங்கினால், செங்கரட்டூர் ஒன்றாம் பிளாட்பாரத்தில் நின்றான். டிக்கெட் பரிசோதகர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார். மறுநாள் பஸ்ஸில் போனான். பஸ் ஈரோட்டுக்குப் போனது, அவன் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இறங்கினான். மூன்றாம் நாள் மச்சானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனான், மச்சான் ஈரோட்டில் திரும்பிப் பார்த்தபோது பின் சீட்டு காலியாக இருந்ததாம். எங்களில் யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. காலில் ஸ்க்ரூ முடுக்கியிருப்பவன் எப்படிப் போக முடியும்? உத்தரவு வந்த அன்றைக்கே அறைக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தோம், சாவி அக்காவின் இடுப்பில் இருந்தது. காலியான வீட்டில் ஒரு பாயை விரித்து அவன் கிடந்தான், கேண்டீனில் அவனுக்கு டீ கொடுக்கமாட்டோம் என்றார்கள், நாங்களும் சரிதான் என்றோம்.

விரும்பிக் கேட்ட ஊருக்கு, இங்கிருந்து விடுவித்த பத்து நாளைக்குள் போய்ச் சேராவிட்டால் அவன் உத்தரவு ரத்தாகிவிடும் என்று கேள்விப்பட்டு, ஆபீஸ் பெரிய கிளார்க் ஆல்பர்ட் சாரிடம் போய், "அப்ப அந்த எடம் அக்காவுக்கு வருமா சார்?" என்று கேட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக் குடுத்தவங்களுக்குத்தான் எடம். குடுத்தவன் ஒருத்தன்தான். அவன் போகலேன்னா காலியா கெடக்கும், வேற யாருக்கும் வராது" என்றார். அப்படியானாலும் அவனைப் போகவிடக் கூடாது என்றே நாங்கள் சொன்னோம். நாங்கள் நூற்றுப் பதினோரு பேரும் ஊர் ஊராகப் போன பிறகு, மூடின ஷெட்டைப் பார்த்துக்கொண்டு அவன் ஒருவன் மட்டும் இங்கே கிடக்கட்டும், போகமாட்டேன் என்றுதானே சத்தியம் பண்ணினான் என்று எங்களுக்கு ஒரே ஆத்திரம். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

தினமும் காலையில் அவன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். முதல் இரண்டு நாள் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான். பிறகு, "அக்கா, அந்த ஸ்க்ரூவை எடுத்துருங்கக்கா" என்றான். அடுத்த நாள் வாசல் கேட் ஆடுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே அதன் கீலைச் சரி செய்துவைத்தான். அடுத்த நாள், சுகந்திக்குத் தான் ஈரோட்டில் இருந்து வேண்டியதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அக்கா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணு வீட்டுப் பக்கம் நீ போகக் கூடாது" என்றார். "சாயங்காலம் நாலு பத்துக்கு ஸ்டேஷன்ல இரு. ஸ்க்ரூவைக் கழட்டுறேன்."

எங்களுக்குக் கோபம். ஏன் என்று கேட்டோம். நல்ல மனசு என்றெல்லாம் நாங்கள் எதையாவது சொல்லிவிடக் கூடாது என்பதுபோல அக்கா முந்திக்கொண்டார். "மன்னிப்பும் இல்ல மண்ணும் இல்ல. தெனம் வாசல்ல வந்து அக்கான்னு கூப்புடுறான். அந்தக் குரலைக் கேக்க முடியல. இத்தனை நாள் அதை நம்பிட்டேனேன்னு என்மேலயே வெறுப்பா வருது. போய்த் தொலையட்டும்."

நாலு மணிக்குப் பின்னறை நிரம்பிவிட்டது. ஜன்னல் வழியாக நிஜப் பிளாட்பாரம் தெரியும். பெரிய தங்கமாரி அங்கே ஒரு பையோடு நின்றான். அக்கா கீழே ஊர்ந்துபோனார். ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது, மூன்று தடவை வழுக்கியது. வெளியே வந்து, அதை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ட்ரோலருக்கு முன்னால் உட்கார்ந்து குட்டி ரயிலை ஒன்றாம் பிளாட்பாரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அதுவரை உருவங்கள் நகர்வதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, நாங்கள் வரும்போது நகர்ந்து முடிந்திருக்கும். அன்று பார்த்தோம். ஷெட் வாசலில் நின்ற தங்கமாரி சங்கக் கொடியைத் தரையில் சாய்த்துவிட்டு, குனிந்து காலைத் தடவிவிட்டுக்கொண்டு, நடக்கத் தொடங்கினான். பிளாட்பாரத்தில் அக்காவின் உருவம் தொட்டில் சேலையோடு இன்னமும் நின்றுகொண்டிருந்தது, அந்த உருவத்தை அவர் ஷெட்டுக்குள் எடுத்துவைக்கவே இல்லை. வழி குறுகல், அதைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அக்கா கண்ட்ரோலரின் குமிழை இறுகப் பிடித்திருந்தார். அங்கே அவன் ஒரு நொடி நின்றிருந்தால் போதும், ஒன்பது வருஷமும் பொய் இல்லை என்று அவர் வைத்துக்கொண்டிருப்பார்.

வெளியே நிஜ ரயில் ஊதியது. ஜன்னல் பக்கம் நின்றவர்கள், பெரிய தங்கமாரி பெட்டி வாசலில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கும்பிடுகிறான் என்றார்கள், திரும்பித் திரும்பிப் பார்க்கிறான் என்றார்கள், கர்ச்சீப்பால் கண்ணைத் துடைக்கிறான், அக்கா, ஒரு தடவை வந்து பாருங்களேன் என்றார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. பலகையின் மேல் அந்த இரண்டு சென்டிமீட்டர் ஆள் தொட்டில் சேலையோடு நின்ற உருவத்தைத் தோளால் இடித்துக்கொண்டு கடந்து, ரயிலில் ஏறி, சுரங்கத்துக்கு முகம் காட்டும் பக்கத்து சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, வண்டி கரட்டுக்குள் போய் மறையும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.